வகுப்பும் உருப்படியும்

‘வகு’ என்றால் பிரி, கூறாக்கு. அதில் பிறந்த ‘வகுப்பு’தான் நிரலாக்கத்தில் ‘கிளாஸ்’ என்பதற்கு வழங்குகிறது. கிளாஸின் மூலமான லத்தீன் ‘கிளாஸிஸ்’, ரோமானியக் குடிமக்களைச் சொத்தின்படி பிரித்த பிரிவுகளைக் குறித்தது. நார்வேயின் டாலும் நைகார்டும் உருவாக்கிய சிமுலா 67 இக்கருத்தை நிரல்மொழிக்குள் நிலைநிறுத்தியது.

ஒரு வகுப்பை அச்சாகக் கொண்டு ஆக்கும் தனிப்பொருள் ‘இன்ஸ்டன்ஸ்’. அச்சொல்லின் லத்தீன் வேர் அருகே நிற்பதைக் குறிக்கும். தமிழில் அதற்கு ‘உருப்படி’ மிகப் பொருத்தம். சலவைக்குப் போடும் துணிகளை எண்ணும் அதே சொல், எண்ணத்தக்க தனிப்பொருளைக் குறிக்கும்.

வகுப்புக்கும் உருப்படிக்கும் உள்ள இந்த வேறுபாடு பிடிபடாமல்தான் புதியவர்கள் பைத்தானில் திணறுகிறார்கள். ‘கணக்கு’ என்று ஒரு வகுப்பு. அதில் ‘இருப்பு’ என்ற பண்பில் பணம் சேர்க்க ‘போடு’ என்ற செயற்கூறு. அதற்கு உருப்படியைக் குறிக்கும் ‘செல்ஃப்’, ‘தொகை’ என இரண்டு உள்ளீடுகள். மாணவர் ‘கணக்கு.போடு(500)’ என்று எழுதுகிறார். ‘தொகை’ இல்லை என்று பிழை வருகிறது. கொடுத்த தொகை எங்கே போயிற்று? உருப்படி இல்லாததால் 500 ‘செல்ஃப்’ இடத்தில் உட்கார்ந்துகொண்டது. இன்னொரு 500 சேர்த்தால் அந்தச் செய்தி மறையும். ஆனால் எண்ணுக்கு ‘இருப்பு’ என்ற பண்பு இல்லை என்று அடுத்த பிழை முளைக்கும். அடைப்புக்குறிக்குள் எந்த எண்ணைத் திணித்தாலும் தீராது. ‘என்கணக்கு = கணக்கு()’ என்று முதலில் ஓர் உருப்படியை ஆக்கி, பிறகு ‘என்கணக்கு.போடு(500)’ என்று அழைக்க வேண்டும்.

இத்தகைய பிழை வந்தால், புள்ளிக்கு இடப்பக்கம் இருப்பது வகுப்பா உருப்படியா என்று முதலில் பாருங்கள்.