லுபாங் காட்டின் கடைசிப் போர்வீரர்

ஜப்பானியப் படையில் லெப்டினன்டாக இருந்த ஹிரோ ஓனோடா 2014 ஜனவரி 16 அன்று டோக்கியோவில் தம் 91ஆம் வயதில் மறைந்தார். அப்போது வந்த அஞ்சலிக் குறிப்புகள் பலவும் விசுவாசம் என்ற ஒரு சொல்லையே சுற்றிச் சுழன்றன. செஞ்சோற்றுக்கடனைப் போற்றிப் பழகிய நமக்கும் அச்சொல் எளிதில் பிடித்துப்போகும். ஆனால் ஒரு நெடிய வாழ்வை அது முழுதும் சொல்லிவிடுகிறதா என்பதே கேள்வி.

1922இல் பிறந்த ஓனோடா, 1944 டிசம்பரில் பிலிப்பைன்ஸின் சிறு தீவான லுபாங்குக்கு அனுப்பப்பட்டார். சரணடையக் கூடாது, தற்கொலையும் செய்துகொள்ளக் கூடாது என்பது அவருக்கு இடப்பட்ட கட்டளை. 1945 பிப்ரவரி இறுதியில் அமெரிக்கப் படை அங்கே இறங்கியது. எஞ்சிய நால்வர் மலைக்காட்டுக்குள் புகுந்தனர். ஆகஸ்டில் போர் முடிந்தது. அதை அறிவித்து வானிலிருந்து வீசப்பட்ட துண்டறிக்கைகளைப் பகைவரின் சூழ்ச்சி என்றே அவர்கள் நம்பினர். 1950இல் ஒருவர் சரணடைந்தார். 1954இல் ஷிமாடாவும் 1972 அக்டோபரில் கோசுக்காவும் சுடப்பட்டு இறந்தனர். அதன்பின் ஓனோடா தனியரானார்.

காட்டை அவர் கற்ற விதம் வியப்புக்குரியது. ஓரிடத்தில் நிலைத்துத் தங்காமல் இடம் மாறிக்கொண்டே இருந்தார். வாழைக்காயும் தேங்காயும் உலர்த்திய மாட்டிறைச்சியும் உணவாயின. கிழிந்த உடையைத் தாமே தைத்து உடுத்தார். மனக்கணக்காக அவர் வைத்திருந்த நாட்காட்டி, ஏறத்தாழ முப்பதாண்டுகளில் பிழைத்தது ஆறு நாட்களே. வெளிவரும்போது அவருடைய துப்பாக்கி பழுதின்றி இயங்கியது.

அந்த மாடுகள் யாருடையவை? அங்கேதான் கதையின் மறுபக்கம் தொடங்குகிறது. அவை லுபாங் உழவர்களின் மாடுகள். அறுவடை நெல்லுக்கும் இவர்கள் தீ வைத்தனர். அந்த ஆண்டுகளில் தீவு மக்கள் சுமார் 30 பேர் கொல்லப்பட்டதாகக் கூறப்படுகிறது. ஆநிரை கவர்ந்தோரை எதிர்த்து மாண்டவனுக்கு நடுகல் நட்டு வழிபட்டது நம் பண்டை மரபு. லுபாங் உழவர்களுக்கு உலகின் நினைவில் அத்தகைய கல் ஏதும் இல்லை. கவர்ந்தவரின் பெயரை உலகறியும். இழந்தவரின் பெயரை அறிந்தவர் அத்தீவினரே.

1974 பிப்ரவரியில் நோரியோ சுசுகி என்ற இளம் பயணி அவரைத் தேடிக் கண்டார். மேலதிகாரியின் ஆணையின்றி வரமாட்டேன் என்றார் ஓனோடா. போருக்குப்பின் புத்தக வணிகராகிவிட்ட மேஜர் தானிகுச்சி, மார்ச் 9 அன்று காட்டுக்கு வந்து கட்டளையை விலக்கிக்கொண்டார். அதிபர் மார்க்கோஸ் மன்னிப்பு வழங்கினார். மன்னித்தவர் அரசுத் தலைவர்; இழந்தவர்களோ உழவர்கள்.

தாயகம் திரும்பியவருக்கு அங்கே மனம் ஒட்டவில்லை. 1975இல் பிரேசிலுக்குப் போய் மாட்டுப்பண்ணை அமைத்தார். 1980இல் ஜப்பானிய இளைஞன் ஒருவன் பெற்றோரைக் கொன்ற செய்தி அவரை உலுக்கியது. 1984இல் ஜப்பானில் இயற்கைப் பள்ளி ஒன்றைத் தொடங்கி, கூடாரமடிக்கவும் நெருப்பு மூட்டவும் காட்டில் தன்னைக் காத்துக்கொள்ளவும் சிறுவர்க்குக் கற்பித்தார். கொல்வதற்குத் துணைநின்ற அதே காட்டறிவு, வாழக் கற்பிக்கும் கல்வியாயிற்று. 1996இல் லுபாங்குக்கு மீண்டும் சென்று அங்குள்ள பள்ளிக்கு 10,000 டாலர் அளித்தார். கொல்லப்பட்டோரின் உறவினர் சிலர் அப்போதும் எதிர்ப்புத் தெரிவித்தனர்.

அவர்களின் எதிர்ப்பையும் சேர்த்தே ஓனோடாவை நினைவுகூர வேண்டும். அவருடைய உறுதியை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் முடிந்துபோன போருக்குக் காட்டிய விசுவாசத்தின் விலையை அவர் மட்டும் கொடுக்கவில்லை. தம் இளமையை அவர் கொடுத்தார். தம் உயிரை லுபாங் மக்கள் கொடுத்தார்கள். இவ்விரண்டும் ஒரே பக்கத்தில் எழுதப்படும்போதுதான் அது வரலாறாகிறது.