கணக்குக் கேட்ட ஐயம்: இந்தியாவில் காலநிலை அச்சமும் அதன் விமர்சகர்களும் (1990–2024)

காலநிலை மாற்றத்தை ஐயுறுவோர் என்றதும் எண்ணெய், நிலக்கரி நிறுவனங்களின் பணத்தில் இயங்கிய அமெரிக்க அமைப்புகளே பலருக்கும் நினைவுக்கு வரும். இந்தியாவில் இந்த ஐயத்தின் வேர் வேறு. பூமி சூடாகிறது என்பதையே மறுத்தவர்கள் இங்கே குறைவு. யார் சூடாக்கினார்கள், எவ்வளவு, அதன் செலவு யார் தலையில் விழப்போகிறது என்றுதான் பெரும்பாலோர் கேட்டார்கள். அந்தக் கேள்வி சில இடங்களில் அறிவியலையே திருத்தியிருக்கிறது, சில இடங்களில் தானே வழுக்கி விழுந்திருக்கிறது. களத்துக்குப் போய் அளந்த ஐயத்தையும், எதிராளியின் பிழையைக் கண்டதோடு நின்றுவிட்ட ஐயத்தையும் பிரித்துப் பார்க்காமல் இந்த வரலாற்றை எழுத முடியாது என்பது என் துணிபு.

1972இல் ஸ்டாக்ஹோம் சுற்றுச்சூழல் மாநாட்டில் இந்திரா காந்தி வறுமையையும் மாசையும் இணைத்துப் பேசியதிலிருந்தே இதைத் தொடங்கலாம். ஆனால் எண்களோடு கூடிய மோதல் 1990இல்தான் வந்தது. வாஷிங்டனில் இயங்கும் உலக வளங்கள் நிறுவனம் அவ்வாண்டு வெளியிட்ட அறிக்கை, பசுங்குடில் வாயுக்களை அதிகம் வெளியிடும் முதல் ஐந்து நாடுகளுள் இந்தியாவையும் வைத்தது. டெல்லியில் இருந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தின் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991இல் ஒரு சிறு நூலின் வழியாக இதற்கு மறுப்பு எழுதினார்கள். சமனற்ற உலகில் புவி வெப்பமாதல் என்ற பொருள்படும் தலைப்பு, அதன் கீழ் 'சுற்றுச்சூழல் காலனியம்' என்ற குற்றச்சாட்டு.

அந்நூலின் வலு அதன் கோபத்தில் இல்லை, கூட்டல் கழித்தலில் இருந்தது. வெளியாகும் வாயுவில் ஒரு பகுதியைக் கடலும் காடும் உறிஞ்சிக்கொள்கின்றன. அமெரிக்க அறிக்கை இந்த இயற்கைக் கழிவை ஒவ்வொரு நாட்டின் உமிழ்வுக்கு ஏற்பப் பங்கிட்டது. அதிகம் புகைத்தவருக்கே அதிகத் தள்ளுபடி. அகர்வாலும் நாராயணும் அதை மக்கள்தொகைக்கு ஏற்பப் பங்கிட்டார்கள். உடனே இந்தியாவின் உமிழ்வு, அதற்குரிய பங்கைத் தாண்டாத அளவுக்குள் வந்துவிட்டது. பிழைப்புக்கான உமிழ்வையும் சொகுசுக்கான உமிழ்வையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்றும் கேட்டார்கள். தஞ்சையில் குறுவை நடும் விவசாயியின் வயலிலிருந்து வரும் மீத்தேனுக்கும், அமெரிக்கப் புறநகர்க் குடும்பத்தின் இரண்டாவது காரிலிருந்து வரும் புகைக்கும் ஒரே நீதியா என்பதே அதன் சாரம்.

நெல்வயல் பற்றிய சண்டை அதோடு நிற்கவில்லை. இந்திய நெல்வயல்கள் ஆண்டுக்குச் சுமார் 3.78 கோடி டன் மீத்தேன் வெளியிடுவதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிட்டிருந்தது. வெளிநாட்டு வயல்களில் எடுத்த அளவுகளை நம் நெற்பரப்பால் பெருக்கிக் கிடைத்த எண் அது. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ.பி. மித்ரா வழிகாட்ட, 1991இல் நாட்டின் பல பகுதிகளிலும் வயலிலேயே அளக்கும் பணி நடந்தது. நாற்றுக் குத்துகளின் மேல் ஒளிபுகும் பெட்டியைக் கவிழ்த்து, குறித்த நேர இடைவெளிகளில் உள்ளிருக்கும் காற்றை ஊசிக்குழலால் உறிஞ்சியெடுத்துப் பகுத்துப் பார்த்தார்கள். கிடைத்த விடை சுமார் 40 லட்சம் டன், முந்தைய மதிப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. நம் வயல்களில் பெரும்பகுதி எப்போதும் நீர் தேங்கி நிற்பவை அல்ல. காய்ந்து நனையும் மண்ணில் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் செழிப்பதில்லை. இந்திய ஐயத்தின் மிகச் சிறந்த தருணம் இது என்பேன். எண் தவறு என்று சொன்னதோடு, சரியான எண்ணையும் அது கொண்டுவந்து வைத்தது.

பனியாறுகளின் கதை இவ்வளவு நேராகப் போகவில்லை. காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழுவின் (ஐபிசிசி) 2007ஆம் ஆண்டு அறிக்கையில், ஆசியா பற்றிய அத்தியாயத்தில், இமயமலைப் பனியாறுகள் 2035க்குள் மறைந்துபோகும் வாய்ப்பு மிக அதிகம் என்று ஒரு வரி இருந்தது. அதற்குக் காட்டிய சான்று, உலக இயற்கை நிதியத்தின் 2005ஆம் ஆண்டு அறிக்கை. அதற்கு மூலம் 1999இல் நியூ சயின்டிஸ்ட் இதழில் வந்த செய்தி. அதே பத்தியில் பனிப்பரப்பு 5 லட்சம் சதுர கிலோமீட்டரிலிருந்து 1 லட்சமாகச் சுருங்கும் என்றும் எழுதப்பட்டிருந்தது. இமயமலைப் பனியாறுகளின் பரப்போ அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ரஷ்ய அறிஞர் கோட்லியகோவ் 1996இல் துருவங்களுக்கு வெளியே உள்ள உலகப் பனியாறுகள் அனைத்துக்குமாகச் சொன்ன மதிப்பீடு அது. அவர் குறித்த ஆண்டு 2350.

2009 நவம்பரில், கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டுக்குச் சில வாரங்கள் முன்பு, சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டார். எழுதியவர் இந்தியப் புவியியல் ஆய்வகத்தின் முன்னாள் துணைத் தலைமை இயக்குநர் வி.கே. ரைனா. இமயமலையில் வழக்கத்துக்கு மாறான பின்வாங்கல் இல்லை என்றும், 2007க்கும் 2009க்கும் இடையே கங்கோத்ரியின் முகப்பு ஏறக்குறைய அசையாமல் நின்றது என்றும் அவர் எழுதினார். ஐபிசிசி தலைவர் ராஜேந்திர பச்சௌரி இதை மந்திரவாத அறிவியல் என்று தூற்றினார். அந்தத் திமிர் மன்னிக்கத்தக்கதல்ல, ஏனெனில் பிழை அவர் வீட்டில்தான் இருந்தது. கனடாவின் கிரஹாம் காக்லி உள்ளிட்ட பனியாற்று அறிஞர்கள் அதன் ஊற்றைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். 2010 ஜனவரி 20 அன்று ஐபிசிசி வருத்தம் தெரிவித்தது. அவ்வாண்டு ஆகஸ்ட்டில் அறிவியல் கழகங்களின் கூட்டவை, அக்குழுவின் மீளாய்வு முறையையே சீர்திருத்தச் சொன்னது.

2035 பொய்யானதால் ரைனாவின் முடிவு மெய்யாகிவிட்டதா? அப்படித்தான் பலர் எடுத்துக்கொண்டார்கள். கங்கோத்ரி சுமார் 30 கிலோமீட்டர் நீளமுள்ளது. அவ்வளவு பெரிய பனியாற்றின் முகப்பு, வெப்பநிலை மாற்றத்துக்குப் பல பத்தாண்டுகள் கழித்தே ஈடுகொடுக்கும். கல்லும் மண்ணும் மூடிய பனியாறு, முகப்பு நகராமலே மேலிருந்து மெலியவும் கூடும். ஆகவே முகப்பை மட்டும் அளந்தால் போதாது, பனியின் எடைக் கணக்கு வேண்டும். இமாசலப் பிரதேசத்தின் சோட்டா ஷிக்ரி பனியாற்றில் 2002 முதல் அந்த வேலை தொடர்ந்து நடக்கிறது. நீராவித் துளைப்பானால் பனியில் ஆழக் குழியிட்டு மூங்கில் கழிகளை இறக்குகிறார்கள். அடுத்த முறை போகும்போது கழி எவ்வளவு வெளியே தெரிகிறதோ, அவ்வளவு பனி கரைந்திருக்கிறது. அந்தப் பனியாறு சராசரியாக எடை இழந்தே வந்திருக்கிறது. 2019இல் அமெரிக்காவின் பழைய உளவுச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 650 இமயப் பனியாறுகளை ஆராய்ந்தவர்கள், 2000க்குப் பிந்தைய இழப்பு அதற்கு முந்தைய கால் நூற்றாண்டின் வேகத்தைப் போல் இருமடங்கு என்று கண்டார்கள். ஐபிசிசியின் ஆண்டு தவறு, பனி கரையும் திசை தவறல்ல.

பசுமை ஆற்றல் கொள்கை மீதான ஐயத்துக்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. திட்டக் குழு 2003இல் காட்டாமணக்கிலிருந்து உயிரி டீசல் எடுக்கும் பெருந்திட்டத்தை முன்வைத்தது. தரிசில் வளரும், தண்ணீர் வேண்டாம், ஆடு மாடு கடிக்காது என்பதே விளம்பரம். செடி உயிரோடிருக்கத் தண்ணீர் வேண்டாம்தான், ஆனால் காய் பிடிக்க வேண்டும். தமிழக விவசாயிகளிடம் கள ஆய்வு செய்த பெரே அரிசா மொண்டோபியோவும் சரத்சந்திர லேலேயும் விளைச்சல் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு என்றும், பயிர் கட்டுப்படியாகவில்லை என்றும் 2010இல் எழுதினார்கள். வசதி படைத்த விவசாயிகளுக்கே அது ஓரளவு ஒத்துவந்தது. பசுமை என்ற பெயர் ஒட்டியதாலேயே ஒரு திட்டம் ஏழைக்கு நல்லதாகிவிடாது என்று சொன்னவர்கள் இங்கே முற்றிலும் சரி.

மின்சாரத்தில் நிலைமை சிக்கலானது. புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தின் சமூகச் செலவு யூனிட்டுக்குச் சுமார் 11 ரூபாய், நிலக்கரியைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று அன்றைய தலைமைப் பொருளாதார ஆலோசகர் அரவிந்த் சுப்பிரமணியன் 2017 ஆகஸ்ட்டில் பேசினார். 'கார்பன் ஏகாதிபத்தியம்' என்றும் எச்சரித்தார். அதே ஆண்டு மே மாதம் ராஜஸ்தானின் பட்லாவில் சூரிய மின்சாரம் யூனிட் 2.44 ரூபாய்க்கு ஏலம் போயிருந்தது. இரண்டும் வெவ்வேறு கணக்குகள். ஏல விலையில் இரவு மின்சாரத்துக்கான செலவு இல்லை. காற்றாலையும் அப்படித்தான்: முப்பந்தலில் ஆடிக் காற்றில் சுழன்று மின்சாரத்தைக் கொட்டும் இறகுகள் பின்பு மாதக்கணக்கில் சோம்பிவிடும் என்பதை ஆரல்வாய்மொழி வழியே போகிற எவரும் அறிவர். சுப்பிரமணியனின் கணக்கிலோ, முடங்கும் அனல்மின் நிலையங்களின் இழப்பும் சேர்ந்திருந்தது. அவற்றில் பல, நிலக்கரித் தட்டுப்பாட்டாலும் வாங்க ஆளில்லாமையாலும் ஏற்கெனவே தள்ளாடியவை. அந்தக் கடனைச் சூரியன் கணக்கில் எழுதுவது எனக்கு ஏற்புடையதல்ல.

2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் நிலக்கரியை 'ஒழிப்பது' என்ற சொல்லைக் 'குறைப்பது' என்று இந்தியா மாற்ற வைத்தது. 2023–24 பொருளாதார ஆய்வறிக்கை ஓர் அத்தியாயம் முழுவதையும் ஒதுக்கி, மேலைநாட்டு அணுகுமுறை மிகை நுகர்வைத் தொடாமல் அதன் எரிபொருளை மட்டும் மாற்றப் பார்க்கிறது என்று வாதிட்டது. 1991 நூலின் குரல் இப்போது அரசின் குரலாகிவிட்டது.

இதற்கிடையே அந்தக் குரலையே ஐயுற்ற ஒரு குரலும் எழுந்தது. இந்தியாவின் குறைந்த தலா உமிழ்வு என்பது, கோடிக்கணக்கான ஏழைகளின் பின்னால் வசதி படைத்த சிறு வகுப்பு ஒளிந்துகொள்ளும் சராசரி என்று கிரீன்பீஸ் இந்தியா 2007இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஐ.நா.வுக்கு இந்தியா அனுப்பும் உமிழ்வுக் கணக்கு ஆற்றல், தொழில், வேளாண்மை, கழிவு எனத் துறைவாரியாகவே இருக்கிறது. எந்த வருமானத்தார் எவ்வளவு என்ற அட்டவணை அதில் கிடையாது. அகர்வாலும் நாராயணும் உலகத்தாரிடம் கேட்ட கேள்வியைச் சென்னையிடமும் மும்பையிடமும் கேட்க அந்த அட்டவணைதான் முதலில் வேண்டும்.