நூல் அறுந்தால் தறி நிற்கட்டும்!
தொழில் வளர்ந்த கதை – 14

சென்ற வாரம் டெட்ராய்டில், ஹென்றி ஃபோர்டின் நகரும் வரிசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தோம். ஓடிக்கொண்டே இருப்பதுதான் அந்த வரிசையின் பலம். இந்த வாரம் நாம் காணப்போவது, சரியான நேரத்தில் நிற்கத் தெரிந்த ஓர் இயந்திரத்தை. அதைப் பார்க்க ஜப்பானுக்குப் போக வேண்டும். அதுவும் கார் தொழிற்சாலைக்கு அல்ல, தறிக்கூடத்துக்கு.

1867-ல் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தவர் சகிச்சி டொயோடா. வீட்டுத் தறிகளில் பெண்கள் படும் பாட்டைப் பார்த்து வளர்ந்தவர். 1891-ல் மரத்தறி ஒன்றுக்கு முதல் காப்புரிமை வாங்கினார். 1896-ல் அவருடைய விசைத்தறி ஓடத் தொடங்கியது.

நெசவு தெரிந்தவர்களுக்கு அவர் கையில் எடுத்த பிரச்சினை உடனே புரியும். இழை அறுந்தது தெரியாமல் விசைத்தறி ஓடினால், முழம் முழமாகப் பழுதான துணிதான் சேரும். நூலும் வீண், நேரமும் வீண், உழைப்பும் வீண். அதற்காகவே தறிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் கண்கொட்டாமல் காவல் நிற்க வேண்டியிருந்தது. சகிச்சி அந்தக் காவலைத் தறியிடமே ஒப்படைத்தார். 1896-ம் ஆண்டுத் தறியில் குறுக்கே ஓடும் ஊடை நூல் அறுந்தாலோ, தாரில் நூல் தீர்ந்தாலோ தறி தானே நின்றது. 1924-ல் வந்த ‘ஜி’ வகைத் தறியில் நெடுக்கே ஓடும் பாவு நூலுக்கும் அந்த ஏற்பாடு வந்தது. மெல்லிய உலோகத் துண்டு ஒன்றை இழைதான் தாங்கிப் பிடித்திருக்கும். இழை அறுந்ததும் துண்டு விழும். துண்டு விழுந்ததும் தறி நிற்கும். ஊடை தீரும்போது நாடாவை மாற்றுகிற வேலையையும், ஓட்டம் தடைப்படாமல் தறியே பார்த்துக்கொண்டது. ஒரே ஆள் முப்பது தறிகளைக் கவனிக்க முடிந்தது. 1929-ல், உலகுக்கே நெசவு இயந்திரம் விற்றுவந்த இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம், இந்தத் தறியின் உரிமைக்காக ஒரு லட்சம் பவுண்டுக்கு ஒப்பந்தம் போட்டது.

சகிச்சியின் மகன் கீச்சிரோ 1937-ல் டொயோட்டா மோட்டார் நிறுவனத்தைத் தொடங்கினார். போர் முடிந்தபின் நிறுவனம் கடனில் மூழ்கியது. 1950-ல் ஆட்குறைப்பும் வேலைநிறுத்தமும் வந்தன. கீச்சிரோ பொறுப்பேற்றுப் பதவி விலகினார். விற்காத பொருளைச் செய்து குவித்தால் என்ன ஆகும் என்பதை அந்த நிறுவனம் வலியோடு கற்றுக்கொண்ட ஆண்டு அது.

அந்தப் பாடத்தையும் தறி சொன்ன பாடத்தையும் சேர்த்து ஒரு முறையாக வகுத்தவர் தாயிச்சி ஓனோ. டொயோடாவின் நூற்பு, நெசவு ஆலையில் 1932-ல் சேர்ந்து, 1943-ல் கார் தொழிற்சாலைக்கு மாறியவர். பழுது வந்தால் நிற்கிற தறியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கடைசல் இயந்திரத்துக்கு ஓர் ஆள், துளையிடும் இயந்திரத்துக்கு ஓர் ஆள் என்று காவல் நின்ற காட்சி உறுத்தியது. பிரச்சினை வந்தால் தானே நிற்கும்படி இயந்திரங்களை மாற்றி, ஒருவரே பல இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும்படி அமைத்தார். அனுபவசாலிகள் எதிர்த்தார்கள். அவர் படிப்படியாகத்தான் முன்னேறினார்.

இதற்கு அங்கே ‘ஜிடோகா’ என்று பெயர். ‘தானியங்கி’ என்று பொருள்படும் ஜப்பானியச் சொல்லில், இயக்கத்தைக் குறிக்கும் எழுத்துக்குப் பக்கத்தில் மனிதனைக் குறிக்கும் ஒரு சிறு குறியைச் சேர்த்து எழுதுவார்கள். சேர்த்ததும் ‘இயக்கம்’ என்ற எழுத்து ‘உழைப்பு’ என்ற எழுத்தாகிவிடும். இரண்டே கோடுகள்தான், ஆனால், ஓனோவின் சிந்தனை முழுவதும் அந்த இரண்டு கோடுகளில் அடங்கியிருக்கிறது.

தறிக்குக் கொடுத்த உரிமையை அவர் தொழிலாளிக்கும் கொடுத்தார். கார் பூட்டும் வரிசையில் தலைக்கு மேல் ஒரு கயிறு ஓடும். போல்ட் சரியாகப் பிடிக்கவில்லையா, கதவு பொருந்தவில்லையா, இழுக்கலாம். பலகையில் அந்த இடத்துக்கான விளக்கு எரியும். ‘ஆண்டோன்’ என்று அதற்குப் பெயர். பழைய ஜப்பானியக் காகித விளக்கின் பெயரேதான். குழுத் தலைவர் ஓடி வருவார். கார் குறிப்பிட்ட தூரம் நகர்வதற்குள் கோளாறு தீராவிட்டால் வரிசையே நின்றுவிடும்.

நின்ற பிறகுதான் உண்மையான வேலை. ‘ஏன்?’ என்று ஐந்து முறை கேட்கச் சொன்னார் ஓனோ. அவர் சொன்ன உதாரணம் இது: இயந்திரம் ஏன் நின்றது? பளு கூடி ஃபியூஸ் போயிற்று. பளு ஏன் கூடியது? பேரிங்கில் எண்ணெய் போதவில்லை. ஏன் போதவில்லை? பம்பு சரியாக இறைக்கவில்லை. பம்புக்கு ஏன் அந்தக் கதி? தண்டு தேய்ந்திருந்தது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லாததால் உலோகத் தூள் உள்ளே போயிற்று. முதல் கேள்வியோடு விட்டிருந்தால் ஃபியூஸை மாற்றிவிட்டுப் போயிருப்பார்கள். சில மாதங்களில் அதே இயந்திரம் மறுபடி நின்றிருக்கும். இப்படி ஒவ்வொரு கோளாறின் வேரையும் அன்றன்றே தேடிப் போவதைத்தான் ‘கைசன்’, அதாவது தொடர் மேம்பாடு என்கிறோம்.

இது ஜப்பானியர்களுக்கு மட்டுமே கைவருமா? பதில் கலிபோர்னியாவில் கிடைத்தது. ஃபிரிமான்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் 1982-ல் மூடிய ஆலை அது. ஐந்தில் ஒருவர் வேலைக்கே வராத ஆலை என்று பெயரெடுத்திருந்தது. 1984-ல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதைத் திறந்தன. பெரும்பாலும் அதே தொழிலாளர்கள், அதே தொழிற்சங்கம். பலர் ஜப்பானுக்குப் போய்ப் பழகிவிட்டு வந்தார்கள். தலைக்கு மேல் கயிறும் வந்தது. இழுத்தவரைத் திட்ட யாரும் வரவில்லை. உதவி செய்யத்தான் வந்தார்கள். சீக்கிரமே அமெரிக்காவின் தரமான கார் ஆலைகளில் ஒன்றாக அது எழுந்து நின்றது. அங்கே பொறியாளராக இருந்த ஜான் கிராஃப்சிக்தான் 1988-ல் இந்த முறைக்கு ‘லீன்’ என்ற பெயரைக் கொடுத்தார்.

இன்று உலகெங்கும் ஆலைச் சுவர்களில் லீன் அட்டவணைகள் தொங்குகின்றன. அவற்றை வாங்கி மாட்டிவிடலாம். ஆனால், ‘இங்கே தப்பு நடக்கிறது’ என்று கடைசி ஊழியர் பயமில்லாமல் சொல்லும் சூழலை வாங்க முடியாது. நாள்தோறும் வளர்த்தால்தான் அது வரும். அது இல்லாத ஆலையில் கயிறு தொங்கும். இழுக்க ஒரு கையும் எழாது.

1998-ல் தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசு முதல்முறையாக ஓர் இந்திய நிறுவனத்தைத் தேடி வந்தது. வந்து சேர்ந்த இடம் சென்னை, பாடி. அடுத்த வாரம் அங்கே போவோம்.

(தொடரும்)