தோப்பியும் நல்லடையும்

கள் என்றவுடன் பனையும் தென்னையும் நினைவிற்கு வருதல் இயல்பு. அதனாற் சங்க நூல்களிற் பயிலும் கள்ளனைத்தும் மரத்தினின்று இறக்கியதே எனக் கொள்வாரும், தானியத்தை முளைகட்டி மது வடித்தல் மேனாட்டார்க்கே உரிய தொழில் என்பாரும் உளர். இவ்விரு கருத்தும் பொருந்தாமையைப் பெரும்பாணாற்றுப்படை கொண்டு காட்டுதல் எம் நோக்கம்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய அந்நூலில், ஆனிரை கவர்ந்து மீண்ட மறவர் தம் இல்லிலேயே அட்ட தோப்பியைப் பருகுகின்றனர். நெல்லாற் செய்த கள்ளே தோப்பி என்பது நச்சினார்க்கினியர் உரை. மரத்தில் இறக்குவதற்கு 'அடுதல்' என்னும் வினை வேண்டுவதில்லை. அடுப்பேறிய பொருளுக்கே அது பொருந்தும்.

அடும் முறையினை அந்நூலே பிறிதோரிடத்தில், வலைஞர் குடியைக் கூறும் பகுதியில், விரித்துரைக்கின்றது. குற்றாத கொழியலரிசியைக் களியாகத் துழாவுகின்றனர். வாயகன்ற பிழாவில் இட்டு ஆற்றுகின்றனர். நல்லடையை அதிற் கலக்கின்றனர். வலிய வாயினையுடைய சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் விளையவிடுகின்றனர். பின்னர் அரித்து, விரலால் அலைத்துப் பிழிகின்றனர். சமையற் குறிப்புப் போலவே அமைந்த இவ்வளவு தெளிவான செய்முறை பழம்பாடல்களில் அரிது.

இதனை மேனாட்டார் வீடுகளில் வடிக்கும் பொன்னிற 'ஏல்' என்னும் மதுவோடு ஒப்பிடுவோம். வாற்கோதுமையை நனைத்து முளைகட்டி, நிறம் மாறாவண்ணம் மெல்லிய சூட்டில் உலர்த்தி நொறுக்குவர். அதனை ஏறத்தாழ 65 முதல் 68 பாகைச் செல்சியசு வெந்நீரில் ஒருமணி நேரம் ஊறவைப்பர். முளைவிடும் வித்தினுள் தோன்றும் நொதி அம்மாவினைச் சருக்கரையாக்கும். இனிய சாற்றை வடித்து, 'ஹாப்' என்னும் கொடியின் பூவிட்டுக் காய்ச்சி, ஆற்றி, ஈஸ்ட்டு சேர்ப்பர். அங்கே மாவு இனிப்பாதல் ஒரு படி, இனிப்பு மதுவாதல் மற்றொரு படி. நம் சாடியிலோ இரண்டும் ஒருங்கே நிகழ்கின்றன. ஈஸ்ட்டினைத் தனியே இடுதல் பாட்டிற் கூறப்படவில்லை; பழகிய சாடியும் தானியத்தின் மேற்புறமுமே அதனைத் தந்திருத்தல் வேண்டும்.

அவ்வாறாயின் நல்லடை யாது? நச்சினார்க்கினியர் அதனை முளை என்றே கொண்டார். பாட்டோ அதனைப் புற்றினுள் இருக்கும் குரும்பிக்கு உவமிக்கின்றது. குரும்பி கறையான் வளர்க்கும் பூஞ்சையுடைய கூடு. ஆதலின் நல்லடை பூஞ்சை படர்ந்த நொதிக்கட்டியாதலும் கூடும் என ஐயுறலாம். சோட்டாநாகபுரியின் முண்டரும் சந்தாலரும் ஹண்டியா என்னும் அரிசிமது வடித்தற்கு 'ரானு' என்னும் உருண்டைகளை இடுதல் இதற்கு ஒப்பாகும். களியை ஆற்றுதல் இவ்வையத்தைத் தீர்க்காது. மிகுசூடு முளையின் நொதியையும் கெடுக்கும், பூஞ்சையையும் கொல்லும்.

எனினும் உரையாசிரியர் பக்கமே யாம் சாய்கின்றோம். குவித்து வைத்த முளைத் தானியம் வெண்ணிற வேர்கள் பின்னிக் கட்டியாய் ஒன்றோடொன்று அடைந்து நிற்கும். குரும்பி உவமை அதற்கும் நன்கு இயையும். முளைகட்டிய கேழ்வரகு மாவினை இளஞ்சூட்டுக் கூழிற் கலந்தால் அது நீர்த்துப்போதலை நம் வீட்டுப் பெண்டிர் அறிவர். அதுவும் இந்நொதியின் செயலே. அன்றியும், கள்ளடுதற்கு முளை சேர்த்தல் நச்சினார்க்கினியர் அறியாத வழக்காயின், அவ்வுரை அவர்க்குத் தோன்றியிராது. நல்லடைக்கு வேறு பொருளே காணினும், இடைக்காலத் தமிழர் இத்தொழிலை அறிந்திருந்தமைக்கு அவ்வுரை சான்றாய் நிற்கும்.

நச்சினார்க்கினியர் மதுரையார். மதுரைக்கு நீர் தரும் வைகையின் மேற்பள்ளத்தாக்கு வருசநாட்டு மலையடியில் உள்ளது; மயிலாடும்பாறை அங்கே உள்ள ஊர். (இரும்பின் தொன்மையால் 2022இல் பேசப்பட்ட கிருட்டிணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை வேறு.) அவ்வூர் அடங்கிய ஆண்டிப்பட்டி வட்டத்தில், வைகைக்கரைப் புலிமான்கோம்பையில், 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தமிழ்பிராமி எழுத்துடைய நடுகற்கள் மூன்றினைக் கண்டெடுத்தனர். ஒன்று கூடலூர் ஆகோளில் வீழ்ந்தவனுக்கு எடுத்தது. அக்கூடல் கம்பம் பள்ளத்தாக்கின் கூடலூரே என்பாரும் உளர்.

ஆகோளும் தோப்பியும் பெரும்பாணாற்றுப்படையில் அடுத்தடுத்து வருதலைக் கண்டோம். அகநானூற்றின் 35ஆம் பாட்டோ நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டித் துடி முழக்கித் தோப்பியும் ஆட்டுப்பலியும் இடுதலைக் கூறுகின்றது. பாட்டுக்கள் கூறும் வாழ்வின் ஒரு கூறு இவ்வாற்றங்கரையிற் கல்லாக நிற்றலின், இல்லடு தோப்பி இந்நிலத்தார்க்கும் உரியதாயிருந்தது எனக் கருதுதல் மிகையாகாது.

வறண்ட மேட்டுநிலத்தில் நெற்கள் எவ்வாறு வந்தது என வினவலாம். தோப்பியைக் கூறுதற்குச் சற்று முன்னர், எயினர் குறும்பிற் பெறும் சோறு மேட்டில் விளைந்த நெல்லின் செஞ்சோறு என்று அப்பாட்டே கூறும். ஆற்றுப்பாசன வயலை எதிர்நோக்காத நெல் அது. அந்நெல்லை உமி மட்டும் நீக்கிக் களியாக்கியிருப்பின், அவர் சாடியிற் பிழிந்தது பொன்னிறமாய் இராது. தவிடு கலங்கிய இளஞ்செம்மையே அதன் நிறமாயிருந்திருக்கும்.