ஓடு மாற்ற ஆள் இல்லாத வீடுகள்: செட்டிநாட்டுப் பராமரிப்பின் கதை

செட்டிநாட்டு வீடு என்றதும் எல்லோரும் சொல்வது அதைக் கட்டிய கதையைத்தான். பர்மா தேக்கு, இத்தாலிச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி, முட்டை வெள்ளைக்கரு கலந்த பூச்சு... கேட்டுக் கேட்டு நமக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. கட்டி முடித்த பிறகு என்ன நடந்தது? ஓடு மாற்றியது யார், கரண்ட் வந்தபோது ஒயரை எங்கே ஓட்டினார்கள், குளித்த தண்ணீர் எந்தப் பக்கம் போனது? இதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆனால் அந்த வீடுகள் இன்று நிற்பதும் விழுவதும் இதைப் பொறுத்துத்தான்.

காரைக்குடியை ஒட்டி இருக்கும் கோவிலூரை எடுத்துக்கொள்ளுங்கள். கொற்றவாளீசுவரர் கோயிலும், முத்துராமலிங்க தேசிகர் தொடங்கிய வேதாந்த மடமும் உள்ள ஊர். கோயில் என்றால் 12 வருடத்துக்கு ஒரு கும்பாபிஷேகம் என்பது மரபு. கொஞ்சம் முன்னே பின்னே ஆகலாம், ஆனால் அந்தச் சாக்கில் கோபுரத்துச் செடியைப் பிடுங்கி, ஒழுகும் தளத்தை அடைத்து, வர்ணம் பூசிவிடுவார்கள். நகரத்தார் வியாபாரத்தில் மகமை என்று ஒரு பங்கை ஒதுக்கி வைக்கும் பழக்கமும் கோயில் திருப்பணிகளுக்குக் கை கொடுத்தது.

வீட்டுக்கு அப்படி என்ன இருந்தது? கல்யாணம் இருந்தது! மண்டபம் வாடகைக்குப் பிடிக்கும் காலம் வருவதற்கு முன்பு கல்யாணம், சாந்தி, படைப்பு எல்லாமே பூர்வீக வீட்டில்தான். கல்யாணத் தேதி குறித்த அன்றே கொத்தனாருக்கும் தச்சருக்கும் ஆள் போய்விடும். பங்காளிகள் எத்தனை புள்ளியோ அத்தனை பேரும் வந்து இறங்கும் வீட்டில் ஒழுகும் கூரையை வைத்துக்கொள்ள முடியுமா? வணிகவியல் பாஷையில் சொன்னால், வீட்டைக் கட்டியது முதலினச் செலவு. பராமரிப்பது வருவாயினச் செலவு, அது வருடா வருடம் வந்துகொண்டே இருக்கும். அந்தச் செலவைக் கல்யாணச் செலவோடு சேர்த்தே முடித்துவிட்டார்கள். புத்திசாலித்தனம்தான், கல்யாணம் அந்த வீட்டில் நடக்கும் வரைக்கும்.

இந்த வீடுகளில் முதல் வேலை தண்ணீர். சிவகங்கை மாவட்டத்தில் வருடத்துக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகை மழை. வற்றாத ஆறு கிடையாது. அதனால் மழைத் தண்ணீரை வைத்தே வீட்டைத் திட்டமிட்டார்கள். நான்கு பக்கக் கூரையும் வளவு வாசலை நோக்கிச் சரியும். ஓரத்துத் தகரக் குழாய் வழியாக இறங்கும் தண்ணீரை அண்டாவிலும் குடத்திலும் பிடித்துக்கொள்வார்கள். மிச்சம் முற்றத்துத் தூம்பில் இறங்கி, வீட்டுக்கு அடியில் ஓடி, தெருவுக்குப் போய், ஊருணியைப் போய்ச் சேரும். 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது சிமெண்ட் உறை இறக்க ஊர் ஊராக ஓடினார்களே, இங்கே அது நூறு வருடத்துக்கு முன்பே இருந்தது.

ஆனால் இந்த ஏற்பாடு தானாக வேலை செய்யாது. ஆடி ஆவணியிலேயே கூரையில் ஏறி நாட்டு ஓட்டைப் பிரித்து, உடைந்ததை எடுத்துவிட்டு, மறுபடி அடுக்க வேண்டும். பூனை ஓடினாலும் ஓடு நகரும், குரங்கு வந்தால் கேட்கவே வேண்டாம். தூம்பில் இலை அடைத்தால் முற்றம் குளமாகிவிடும். ஒரு ஓடு நகர்ந்த இடத்தில் முதல் வருடம் ஈரம், இரண்டாம் வருடம் கரையான், அதற்கப்புறம் உத்தரமே உளுத்துப்போகும். ரங்கூனிலிருந்து கப்பலில் வந்த தேக்கு, ஒரு மண் ஓட்டை மாற்றாததால் போய்விடுகிறது.

சுவர் விஷயம் வேறு. சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம், வெள்ளைக்கரு என்று அடுக்கடுக்காகப் பூசி, வழுவழுப்பான கல்லால் தேய்த்த சுவருக்கு வெள்ளையடிக்கவே தேவையில்லை, துடைத்தால் போதும். அதைக் கெடுத்தது பெரும்பாலும் பிற்கால ரிப்பேர்கள்தான். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கும், வெளியே விடும். மேலே சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சோடு சேர்த்து உரித்துக்கொண்டு வந்துவிடும்.

அடுத்து கரண்ட். பைக்காரா மின்நிலையம் 1932-ல், மேட்டூர் 1937-ல், பாபநாசம் 1944-ல். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் பல அதற்கு முன்பே கட்டியவை, அதாவது எண்ணெய் விளக்குக்காகக் கட்டியவை. ஒயரிங் வந்தபோது பூச்சை உடைக்க யாருக்கு மனசு வரும்? மரச் சட்டத்தில் இரண்டு பள்ளம் வெட்டி, ஒயரை அதில் ஓட்டி, மேலே மெல்லிய பலகையை மூடிவிட்டார்கள். கேஸிங் கேப்பிங் என்று பழைய எலக்ட்ரீஷியன்கள் சொல்வது இதைத்தான். பீங்கான் ஃபியூஸ் கட்டை, உருண்டை சுவிட்ச்... இன்றைக்குப் பார்த்தாலும் அழகு.

அழகைத் தாண்டி ஒரு ஆபத்து இருக்கிறது. அந்தக் கால ஒயரின் உறை ரப்பர். சில பத்தாண்டுகளில் அது காய்ந்து வெடித்துவிடும், அதுவும் காய்ந்த தேக்குப் பலகைக்குள்ளே. அன்று அதில் ஓடியது நாலு பல்பும் ஒரு ஃபேனும். இன்று 2000 வாட் கெய்சர் ஒன்று, 40 வாட் பல்பு 50-க்குச் சமம். 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று தடிமனான கம்பியைச் சுற்றி வைப்பது நம் ஊர் வைத்தியம். அதன் பிறகு உருகுவது ஃபியூஸ் அல்ல, சுவருக்குள் இருக்கும் ஒயர். பழைய ஒயரிங்கில் பெரும்பாலும் எர்த் கிடையாது. பின்னால் தோண்டிய எர்த் குழியிலும் கரியும் உப்பும் போட்டால் மட்டும் போதாது, கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். இந்தப் பக்கத்துச் சரளை மண் காய்ந்தால் கல் மாதிரி. பூட்டிக் கிடக்கும் வீட்டில் யார் ஊற்றுவது?

குளிர் காயும் அறை நம் ஊருக்குத் தேவையில்லை. வெந்நீருக்குப் பின்கட்டில் தாமிர பாய்லர், நடுவில் கரி போடும் குழாய். சாம்பலைத் தட்டி, புளி போட்டுத் துலக்கினால் அதன் பராமரிப்பு முடிந்தது. கெய்சரும் குளியலறையும் உள்ளே வந்த பிறகு, குழாய்க் கசிவு சுண்ணாம்புச் சுவரின் அடியிலிருந்து மேலே ஏறத் தொடங்கியது.

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பங்கு கடல் தாண்டித்தான். 1930-களின் மந்தத்தில் பர்மாவில் கடன் திரும்பாமல் ஈடாக வைத்த நிலங்கள் கைக்கு வந்தன. 1930-ல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 6 சதவீத நிலம் செட்டியார்களிடம் இருந்தது, 1930-களின் இறுதிக்குள் 25 சதவீதம் ஆனது. ஐந்தொகையில் சொத்து கூடியது, கையில் ரொக்கம் இல்லை. 1942-ல் ஜப்பான் படை வந்தது, விடுதலைக்குப் பின் நிலச் சீர்திருத்தம், 1960-களில் தேசியமயம். வீட்டுக்காரர்கள் சென்னைக்கும் மற்ற ஊர்களுக்கும் பிழைக்கப் போனார்கள். கல்யாணமும் மண்டபத்துக்குப் போனது. கூரையில் ஏற ஆள் அனுப்ப இருந்த ஒரே சாக்கும் அதோடு போயிற்று.

மிச்சம் இருந்த சிக்கல் பங்கு. ஒரு வீட்டுக்கு இருபது முப்பது வாரிசுகள், ஆளுக்கு ஒரு அறை. வளவின் கூரை எல்லோருக்கும் பொது. பொதுக் கூரைக்கு யார் முதலில் பணம் போடுவது? ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் கோவையில், ஒருவருக்குப் பேச்சுவார்த்தையே இல்லை. தேய்மானக் கணக்கில் இதற்கெல்லாம் பத்தி கிடையாது. கடைசியில் முடிவு எட்டுவது எளிதாக இருப்பது ஒன்றில்தான்: பிரித்து விற்பது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் தூண்களும் கதவு நிலைகளும் பீங்கான் சுவிட்சுகளும் அப்படி வந்தவைதான்.

2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம் பிடித்தன. சில வீடுகள் விடுதி ஆகிவிட்டன. அங்கே ஒயரிங் புதிது, குழாய் புதிது, ஓடும் ஒழுங்காக மாறுகிறது. வாடகை வருகிறது அல்லவா! மற்ற வீடுகளில் ஒரு காவல்காரக் குடும்பம் பின்கட்டில் ஒரு பல்பு எரிய வைத்துக்கொண்டு இருக்கும். ஐப்பசி பிறப்பதற்குள் தூம்பில் கைவிட்டு இலையை அள்ளிப் போடுவது அந்த வீட்டு அம்மாவின் வேலை. அள்ளிய வருடம் முற்றத்தில் தண்ணீர் நிற்பதில்லை.