முதல் மாதத்துக் கணக்கு

ஓர் அணி வெல்வது ஆற்றலாலா, அன்றி அதிர்ஷ்டத்தாலா? விளையாட்டு வரலாற்றைப் படிப்போர் முன் எப்போதும் நிற்கும் வினா இது. திருவள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமைக்கு வேறோர் அதிகாரமும் வகுத்தார். ஆடுகளத்திலோ இவ்விரண்டும் கலந்தே வருகின்றன. அவற்றைப் பிரித்தறிவது எத்துணை அரிது என்பதற்கு அமெரிக்க மக்களின் பேஸ்போல் ஆட்டம் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

கிரிக்கெட்டைப் போலவே இதிலும் ஒருவர் பந்தெறிய, மற்றொருவர் மட்டையால் அடித்து ஓடுகிறார். ஆயினும் கிரிக்கெட்டில் ஓட்டங்கள் நூற்றுக்கணக்கிற் குவியும். பேஸ்போலில் ஒன்பது இன்னிங்ஸ் ஆடியும் ஓர் அணி பெறுவது பெரும்பாலும் நான்கு அல்லது ஐந்து ஓட்டங்களே. ஆகவே, ஏறத்தாழப் பத்து ஆட்டங்களில் மூன்று, ஒரே ஓட்ட வேறுபாட்டில் முடிகின்றன. அத்தகைய ஆட்டத்தின் முடிவை மாற்ற ஒரு காற்று வீச்சுப் போதும். தரையிற் பட்ட பந்து சற்றே விலகி எழுந்தாலும் போதும்.

1960ஆம் ஆண்டு ஒக்டோபர் 13ஆம் நாள் பிற்ஸ்பேர்க் நகரில் நிகழ்ந்தது அதுவே. உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் அது. எட்டாவது இன்னிங்சில் பிற்ஸ்பேர்க் அணியின் விர்டன் அடித்த பந்து, தரையில் எகிறி, நியூயோர்க் யாங்கீஸ் அணியின் குபெக் என்பவரின் தொண்டையைத் தாக்கியது. இலகுவாக ஆட்டமிழக்க வேண்டியவர் தப்பினார். அந்த இன்னிங்சில் பிற்ஸ்பேர்க் ஐந்து ஓட்டங்களைப் பெற்றது. ஈற்றில், மசரோஸ்கியின் பேரடியால் 10க்கு 9 என்ற கணக்கில் வென்றது. ஏழு ஆட்டங்களிலும் யாங்கீஸ் பெற்ற ஓட்டங்கள் 55. பிற்ஸ்பேர்க் பெற்றவை 27. எனினும் வெற்றிக் கிண்ணம் 27 ஓட்டங்கள் பெற்ற அணிக்கே சென்றது.

ஏழு ஆட்டங்களில் இத்தகைய புதுமை நிகழுமாயின், பருவத்தின் முதல் மாதத்தில் நிகழ்வதை என்னென்பது! பேஸ்போல் பருவம் வசந்த காலத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடியும் நெடும்பயணம். முன்னர் ஒவ்வோர் அணியும் 154 ஆட்டங்கள் ஆடியது. 1960களின் தொடக்கத்திலிருந்து அது 162 ஆயிற்று. அவற்றுள் முதல் 20 ஆட்டங்களைக் கண்டதும் பத்திரிகைகள் தீர்ப்புக் கூறத் தொடங்கிவிடுகின்றன.

இதனை ஒரு நாணயத்தைக் கொண்டு ஆராயலாம். நாணயத்தை 20 தடவை சுண்டினால், 13 அல்லது அதற்கு மேற்பட்ட தடவை தலை விழுவதற்கு ஏறத்தாழ எட்டில் ஒரு வாய்ப்பு உண்டு. 1998 முதல் அமெரிக்கப் பெரு லீக்குகளில் 30 அணிகள் ஆடிவருகின்றன. அவை யாவும் முற்றிலும் சம வலிமை கொண்டவை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் முதல் 20 ஆட்டங்களின் முடிவில், நான்கு அணிகளளவில் 13 அல்லது அதற்கு மேற்பட்ட வெற்றிகளோடு தலைநிமிர்ந்து நிற்கும். வேறு நான்கு அணிகளளவில் 7 அல்லது அதற்குக் குறைந்த வெற்றிகளோடு தலைகுனிந்து நிற்கும். இத்துணைக்கும் அவற்றின் ஆற்றலில் ஓர் அணுவளவு வேறுபாடும் இல்லை.

வரலாறும் இதற்குச் சான்று பகர்கின்றது. 1914ஆம் ஆண்டில் பொஸ்டன் பிரேவ்ஸ் அணி முதல் 22 ஆட்டங்களில் நான்கில் மட்டுமே வென்றது. ஜூலை 4ஆம் நாள் அவ்வணி 26 வெற்றி, 40 தோல்வியுடன் தேசிய லீக்கின் கடைசி இடத்தில் இருந்தது. முதலிடத்துக்கும் அதற்கும் 15 ஆட்ட இடைவெளி. முகாமையாளர் ஜோர்ஜ் ஸ்டாலிங்ஸ் மனந்தளரவில்லை. ருடோல்ப், ஜேம்ஸ், டைலர் ஆகிய மூன்று பந்தெறிபவர்களையே நம்பி நின்றார். வேண்டிய இடங்களிற் புதியவர் சிலரைச் சேர்த்தார். எஞ்சிய 87 ஆட்டங்களில் அவ்வணி 68ஐ வென்று லீக்கின் முதலிடத்தைப் பெற்றது. பின்னர் உலகத் தொடரில், பேர்பெற்ற பிலடெல்பியா அணியை நான்கு ஆட்டங்களிலும் தோற்கடித்தது.

அங்ஙனமாயின் அணியின் மெய்யான வலிமையை அளப்பது எவ்வாறு? 1980ஆம் ஆண்டளவில் பில் ஜேம்ஸ் என்னும் ஆய்வாளர் வழியொன்று காட்டினார். வெற்றிகளை மட்டும் எண்ணாது, பெற்ற ஓட்டங்களையும் கொடுத்த ஓட்டங்களையும் ஒப்புநோக்குக என்றார். இவ்வளவுகோலால் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் இரு பருவங்களை அளந்து பார்ப்போம்.

2012இல் அவ்வணி பெற்ற ஓட்டங்கள் 712, கொடுத்தவை 705. இக்கணக்கின்படி அதற்குரிய வெற்றிகள் 82 மட்டுமே. ஆனால் அது 93 ஆட்டங்களில் வென்றது. காரணம் யாதெனின், ஒரே ஓட்டத்தால் முடிவான 38 ஆட்டங்களில் 29 அதன் பக்கம் சாய்ந்தன. மறு ஆண்டில் அவ்வணி 745 ஓட்டங்கள் பெற்று 709 கொடுத்தது. முன்னைய ஆண்டினும் நன்றாகவே ஆடிற்று எனலாம். எனினும் ஓர் ஓட்ட ஆட்டங்களில் 20 வெற்றி, 31 தோல்வி. மொத்த வெற்றிகள் 85. இறுதிக் கட்டங்களிற் பந்தெறிந்து வெற்றியைக் காப்பவராகிய ஜிம் ஜோன்சன் முதலாண்டில் 51 வெற்றிகளையும், மறு ஆண்டில் 50 வெற்றிகளையும் காத்தார். ஆள் மாறவில்லை, தராசு முள் மட்டுமே மாறியது.

ஆயின் தொடக்கம் யாவும் வெறும் அதிர்ஷ்டமே என்று கொள்ளுதலும் தவறாகும். 1984இல் டெட்ரொயிட் டைகர்ஸ் அணி முதல் 40 ஆட்டங்களில் 35ஐ வென்றது. ஈற்றில் உலகத் தொடரையும் வென்றது. அது மெய்யான வலிமை. ஆனாலும் எஞ்சிய 122 ஆட்டங்களில் அது பெற்றவை 69 வெற்றிகளே. வல்லவர்க்கும் தொடக்கத்திற் கிடைத்த அதிக ஈவு பின்னர் குறைந்தே தீர்ந்தது.

இவ்வுண்மையை மறந்தால் மனிதர் துன்புறுவர். 1988இல் அதே ஓரியோல்ஸ் அணி முதல் ஆறு ஆட்டங்களிலும் தோற்றவுடன், முகாமையாளர் கால் ரிப்கன் பதவி நீக்கப்பட்டார். அவருடைய புதல்வர் இருவரும் அப்போது அதே அணியில் ஆடிக்கொண்டிருந்தனர். ஆள் மாறியும் பயனில்லை. புகழ்பெற்ற பிராங்க் ரொபின்சன் பொறுப்பேற்ற பின்னரும் அணி மேலும் 15 ஆட்டங்களிற் தொடர்ந்து தோற்றது. குறை அணியின் வலிமையிலேயே இருந்தது. ஆறு நாள் தோல்விக்கு ஒருவரைப் பலியிட்டதால் அது தீர்ந்துவிடவில்லை.

2019இல் வாஷிங்டன் நஷனல்ஸ் அணி முதல் 50 ஆட்டங்களில் 31இல் தோற்றது. முகாமையாளர் டேவ் மார்ட்டினெஸை நீக்குமாறு குரல்கள் எழுந்தன, நிருவாகம் நீக்கவில்லை. அணி 93 வெற்றிகளுடன் பருவத்தை முடித்தது. ஒக்டோபர் முதலாம் நாள், தோற்றால் வெளியேற வேண்டிய ஆட்டத்தில் மில்வாக்கி அணியை எதிர்த்து, எட்டாவது இன்னிங்ஸ் வரை 3க்கு 1 எனப் பின்தங்கி நின்றது. அவ்வேளை இளைஞர் சொட்டோ அடித்த பந்து எதிரணிக் காவலரைத் தாண்டி ஓடிற்று. மூன்று ஓட்டங்கள் கிடைத்தன. ஒரே ஓட்டத்தால் வென்ற அவ்வணி அம்மாத இறுதியில் உலகச் சம்பியனாயிற்று. அப்பந்து காவலரின் கையில் தங்கியிருப்பின், அதே அணி தோற்ற அணிகளின் வரிசையிற் சேர்ந்திருக்கும்.

ஓர் அணியை மதிப்பிடுவோர் எத்தனை முறை தோற்றது என்பதோடு, எவ்வாறு தோற்றது என்பதையும் கேட்டறிதல் வேண்டும். பத்து ஓட்டத் தோல்வியும் ஓர் ஓட்டத் தோல்வியும் பட்டியலில் ஒன்றாகவே எழுதப்படும். அவற்றை வேறுபடுத்திப் படிப்பது மதிப்பிடுவோரின் கடமை.