கல்லறைகளும் ஒளிப்படமும்: தென்னிந்தியப் பெருங்கற்காலச் சின்னங்கள் பதிவு பெற்ற வரலாறு

தென்னிந்தியச் சிற்றூர்களை அடுத்த பாறைக் குன்றுகளிலும் தரிசு மேடுகளிலும் நிற்கும் பெருங்கற்காலச் சின்னங்களைக் கட்டியவர் யாவர் என்னும் வினாவை முதலில் எழுப்பியவர்கள் ஆய்வாளர்கள் அல்லர். அவற்றை நாள்தோறும் கண்டு வாழ்ந்த ஊரார் அவ்வினாவுக்குரிய விடைகளைப் பெயர்களாகவே இட்டு வைத்திருந்தனர். தமிழகத்தில் குள்ளர் வீடு என்றும் பாண்டவர் வீடு என்றும், கேரளத்து மறையூரில் முனியறை என்றும், கன்னடநாட்டில் மோரியர் மனை என்றும், தெலுங்கு வழங்கும் பகுதிகளில் இராட்சசர் கோயில் என்னும் பொருள்படவும் இவை அழைக்கப்பெற்றன. குள்ளர், முனிவர், பாண்டவர், இராட்சசர் என்னும் இந்நால்வகையாரும் இயல்பான மாந்தர் அல்லர் என்பது நோக்கத்தக்கது. இத்துணைப் பெரிய கற்பலகைகளைத் தம்மைப் போன்றோர் தூக்கி நிறுத்தியிருக்க இயலாது என்று ஊரார் கருதினர். அக்கருத்தே பல இடங்களில் அச்சின்னங்களைத் தொடாமல் விட்டு வைக்கும் அச்சமாகவும் மதிப்பாகவும் நிலைத்தது.

ஐரோப்பிய அலுவலர்கள் இவ்விடங்களுக்கு வந்தபோது கையில் கொண்டுவந்தது கடப்பாரையே. மலபாரில் பங்களா மொட்டப் பறம்பு என்னுமிடத்தில் 1819-1820ஆம் ஆண்டுகளில் பாபிங்டன் என்பவர் அகழ்ந்து பார்த்து, 1823இல் பம்பாய் இலக்கியக் கழகத்தின் வெளியீட்டில் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பில் அவர் ஆண்ட சொல் ஊரார் வழங்கிய ‘பாண்டு குழி’ என்பதன் ஆங்கில எழுத்துப் பெயர்ப்பே ஆகும். இந்தியப் பெருங்கற்கால ஆய்வின் தொடக்கம் இதுவெனக் கொள்வர். அதன்பின் நீலகிரியிலும் பிற மாவட்டங்களிலும் ஓய்வுநாள் பொழுதுபோக்காகவே கற்குவைகளைத் தோண்டிய அலுவலர் பலர். மண்பாண்டம், இரும்புக் கருவி, மணி ஆகியன அவர்தம் பேழைகளுக்குச் சென்றன. எந்தக் குழியில் எந்த ஆழத்தில் எப்பொருள் கிடந்தது என்னும் செய்தி பெரும்பாலும் எங்கும் செல்லவில்லை.

இப்போக்கினின்று வேறுபட்டு நின்றவர் மெடோஸ் டெய்லர் (1808-1876). நைசாம் அரசின் பணியில் சேர்ந்து, 1841 முதல் பல்லாண்டுகள் சுரபுரம் சிற்றரசின் நிருவாகத்தைக் கவனித்த இவர், ‘தக் ஒருவனின் ஒப்புதல் வாக்குமூலம்’ என்னும் பொருள்படும் ஆங்கிலப் புதினத்தால் 1839இலேயே பெயர் பெற்றிருந்தார். முறையான தொல்லியற் பயிற்சி எதுவும் இவருக்கு இல்லை. அந்நாளில் அத்தகைய பயிற்சி எவருக்கும் இல்லை எனலாம். ஆயினும் பீமா ஆற்றை அடுத்த ஜேவர்கியில் கற்குவைகளை அகழ்ந்தபோது, எலும்புகளும் பாண்டங்களும் கற்பலகைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக எவ்வடைவில் கிடந்தன என்பதை வெட்டுமுகப் படமாக வரைந்து வைத்தார். தலை வேறு உடல் வேறாகக் கிடந்த எலும்புக்கூடுகளைக் கண்டு அவர் நரபலி எனத் துணிந்த முடிவு இன்று ஏற்கப்படாமற் போகலாம். ஆனால் அம்முடிவை மறுப்பதற்கு வேண்டிய சான்றினையும் அவர் வரைந்த படமே தருகின்றது. நூறாண்டுகளுக்குப் பின் மார்ட்டிமர் வீலர், 1954இல் வெளிவந்த தம் அகழாய்வு முறைநூலில், டெய்லரின் இப்பணியைப் பாராட்டிக் குறிப்பிட்டதற்குக் காரணமும் இதுவே.

டெய்லர் வரைந்துகொண்டிருந்த அதே காலத்தில் ஒளிப்படக்கலை இந்தியாவில் காலூன்றிவிட்டது. பழஞ்சின்னங்களை வரைவதற்கு மாறாக ஒளிப்படமாக எடுக்க வேண்டும் என்னும் கொள்கையைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1855இல் மேற்கொண்டது. சென்னையில் ஒளிப்படக் கழகம் 1856இல் தோன்றியது. சென்னை அரசின் ஒளிப்படக்காரராக அமர்ந்த லின்னேயஸ் டிரைப் மதுரை, தஞ்சை, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டைப் பகுதிகளில் எடுத்த படங்கள் 1858இல் தொகுதிகளாக வெளிவந்தன. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைத் தனித்தனிப் படங்களாக எடுத்து ஒரே நீள்படமாக இணைத்த அவர்தம் உழைப்பு இன்றும் வியக்கப்படுவது. எனினும் அப்படப்பெட்டி திரும்பிய திசை கோபுரங்களும் மண்டபங்களும் அரண்மனைகளுமே. எழுத்தும் சிற்பமும் அற்ற கற்பலகைகள் அரசின் செலவில் படம் எடுக்கத் தகுந்தனவாகத் தோன்றவில்லை.

இதனை விளக்க ஒரு நூல் போதும். ‘தார்வார், மைசூர்க் கட்டடக்கலை’ என்னும் பெரிய ஒளிப்படத் தொகுதி 1866இல் இலண்டனில் வெளிவந்தது. பிகு, நீல், பிக்ஸ் ஆகியோர் படம் எடுத்தனர். கட்டடக்கலைக் குறிப்புகளை ஜேம்ஸ் பெர்குசன் எழுதினார். வரலாற்றுப் பகுதியை எழுதியவர் மெடோஸ் டெய்லர். தக்காணத்துக் கல்லறைகளை அந்நாளில் வேறெவரினும் நன்கறிந்த ஒருவர், அத்தொகுதியில் கோயில்களின் ஒளிப்படங்களுக்கு உரை வரைந்தார். அவர் கண்ட கல்லறைகளோ அவர்தம் கைவரைபடங்களாகவே நின்றன. பெர்குசன் 1872இல் உலகெங்குமுள்ள பெருங்கற்சின்னங்களைத் தொகுத்து எழுதிய நூலும் இந்தியச் சின்னங்களுக்குச் செதுக்குப்படங்களையே பெரிதும் நம்ப வேண்டியதாயிற்று. காசி மலைகளில் நினைவுக்கற்கள் அந்நாளிலும் நடப்பட்டு வந்தமையை அந்நூல் கருத்தில் கொண்டது. அதனால் பெருங்கல் என்றாலே மிகு பழமை என்று கொள்ளலாகாது என்னும் எச்சரிக்கை எழுந்தது. அவ்வெச்சரிக்கையைப் பெர்குசனே அளவுக்கு மீறி நீட்டி, ஐரோப்பியச் சின்னங்களையும் மிகப் பிற்காலத்தனவாகத் தள்ளிவிட்டார் என்பது வேறு செய்தி.

ஒளிப்படம் இத்துறையில் முறையாக நுழைந்தது நீலகிரியில். அம்மாவட்டத்தின் முதல் ஆணையரான ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ், பழங்குடிகளையும் தொல்சின்னங்களையும் பற்றி எழுதிய நூல் அவர் 1872இல் இறந்தபின் 1873இல் ஒளிப்படங்களுடன் வெளிவந்தது. கற்குவைகளிலிருந்து வெளிப்பட்ட விலங்குருவ மூடிகளையும் கலங்களையும் அந்நூல் தெளிவாகக் காட்டுகின்றது. ஆனால் அவை தம் குழியினின்று பிரிந்து அடுக்கி வைக்கப்பட்டு நிற்கின்றன. டெய்லரின் வரைபடத்தில் இடம் உண்டு, பொருளின் நுண்மை இல்லை; பிரீக்ஸின் ஒளிப்படத்தில் பொருளின் நுண்மை உண்டு, இடம் இல்லை. இவ்விரண்டையும் ஒருங்கே பெற மேலும் எழுபது ஆண்டுகளுக்கு மேலாயின.

இடையே பழனி மலைக் கல்திட்டைகளைப் பற்றி அங்கிலேடு பாதிரியாரும் நியூட்டனும் எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. அதன்பின் 1947இல் வீலர் கன்னடநாட்டுப் பிரம்மகிரியில் நிகழ்த்திய அகழாய்வு துறையின் வழக்கங்களையே மாற்றியது. ஒளிப்படத்தில் அளவுகோல் நிற்க வேண்டும். குழியின் விளிம்பு நேராகச் செதுக்கப்பட வேண்டும். படம் எடுக்குமுன் மண்ணைத் துடைத்துத் தூய்மை செய்ய வேண்டும் என்பன போன்ற கட்டுப்பாடுகள் அவர்தம் மாணவரிடையே பரவின. கே.ஆர். சீனிவாசன் 1946இலும், வி.டி. கிருஷ்ணசாமி 1949இலும் துறையின் இதழில் எழுதிய கட்டுரைகள் கல்வட்டம், கல்பதுக்கை, கல்திட்டை, குடைக்கல், தொப்பிக்கல், குத்துக்கல் என்னும் வகைகளை வரையறுத்தன. சீனிவாசனின் கட்டுரை தமிழருக்கு மற்றொரு வகையிலும் உரியது. மணிமேகலை கூறும் எரித்தல், வெளியில் இடுதல், குழியிற் புதைத்தல், தாழ்ந்த அறையில் அடைத்தல், தாழியிட்டுக் கவித்தல் ஆகிய ஐவகை ஈமமுறைகளைக் களத்தில் கண்ட சின்னங்களோடு ஒப்புநோக்கியது அது. நூலில் படித்ததற்கு நிலத்தில் சான்று தேடும் அம்முறை, சங்க இலக்கியத்தின் பதுக்கைகளையும் நடுகற்களையும் வெறும் கற்பனை என்று கருதுவோர்க்கு விடையாக அமைந்தது.

இவ்வரலாறு முழுவதையும் ஓரிடத்தில் நின்று பார்க்க வேண்டுமாயின் கன்னடநாட்டுக் கொப்பள மாவட்டத்து இரே பெனகல்லுக்குச் செல்லலாம். கங்காவதி நகருக்கு மேற்கே சுமார் 10 கி.மீ. தொலைவில், துங்கபத்திரைக் கால்வாய் பாயும் நெல்வயல்களுக்கு அப்பால் எழும் கருங்கற் குன்றுத்தொடரில் இக்களம் உள்ளது. 1835இல் டெய்லர் இதனைக் கண்டு குறித்ததாகக் கூறுவர். சுமார் 400 சின்னங்கள் இங்குள்ளன, கி.மு. 800க்கும் கி.மு. 200க்கும் இடைப்பட்டவை என மதிப்பிடுவர். ஊர்திச் சாலை களம்வரை செல்வதில்லை. பாறைகளுக்கிடையே நடந்துதான் ஏற வேண்டும். மேட்டினை அடைந்ததும் கண்ணிற்படுவது ஒரு கல்லறை அன்று; தெருக்களைப் போன்ற இடைவெளிகளோடு நிரல்பட நிற்கும் கல்வீடுகளின் ஊர். மூன்று பக்கங்களில் செங்குத்தாக நிறுத்திய பலகைகள், மேலே கூரையாக ஒரு பலகை, ஒரு பலகையில் வட்டமாகக் குடைந்த இடுதுளை. சிலவற்றில் ஆள் நிமிர்ந்து நிற்கலாம்.

இங்கு வருவோர் எடுக்கும் படங்களில் பெரும்பாலானவை ஒரே கோணத்தில் அமைந்தவை: சாயுங் கதிரொளியில் பொன்னிறம் பெற்ற ஒரு கல்வீடு, பின்னணியில் வானம். அழகிய படமே. ஆனால் அச்சட்டத்துக்கு வெளியே நிற்பவை வரலாற்றுக்கு இன்றியமையாதவை. கல்வீடுகளின் நடுவே ஒரு நீர்நிலை உள்ளது. பலகைகளுக்காகப் பாறையைப் பெயர்த்தெடுத்த இடமே நீர் தேங்கும் குளமாயிற்று என்பது ஆய்வாளர் கருத்து. அங்ஙனமாயின் கட்டியவர் கல்லைத் தொலைவிலிருந்து இழுத்து வரவில்லை. கல் கிடைத்த இடத்திலேயே இறந்தோர்க்கு ஊர் அமைத்து, அப்பணியாலேயே உயிருள்ளோர்க்கும் மாடுகளுக்கும் நீர் தேடினர் என்றாகிறது. குளத்தைத் தவிர்த்து எடுத்த படம் இப்பொருளையும் தவிர்த்துவிடுகின்றது. பாறை ஒதுக்குகளில் உள்ள செந்நிற ஓவியங்களும் பொழுதறிந்து சென்றாலன்றிப் படத்தில் தெளிவாக விழுவதில்லை. உயர்ந்த பாறையொன்றின் மேல் முரசு போன்ற அரைக்கோளக் கல் ஒன்றும் உள்ளது. அதனைத் தட்டினால் எழும் ஒலி ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் கேட்கும் என்பர். ஈமச்சடங்கின்போதோ பகைவரவு உணர்த்தவோ அது முழக்கப்பட்டிருக்கலாம் எனக் கருதுவோர் உளர். அதன் படம் உருண்டைக் கல்லை மட்டுமே காட்டும்.

கல்லறைகளை அவற்றின் அமைப்பால் வகைப்படுத்திய அ. சுந்தரா, 1975இல் வெளிவந்த தென்னிந்தியத் தொல் அறைக் கல்லறைகள் பற்றிய தம் நூலில், களந்தோறும் நடந்து அளந்த அளவுகளையே அடிப்படையாகக் கொண்டார். பின்னர் இரே பெனகல்லை ஆராய்ந்த ஆண்ட்ரூ பவர் கல்லறைகளைத் தனிச் சின்னங்களாகக் கொள்ளாமல், பாறை, நீர், மேய்ச்சல், குடியிருப்பு ஆகியவற்றோடு இணைந்த ஒரு நிலமாக நோக்கினார். படம் எடுப்போர் இவ்விரு முறைகளிலிருந்தும் கற்க வேண்டியது உண்டு. அருகில் ஒரு படம், சூழலோடு ஒரு படம், நான்கு திசைகளிலிருந்தும் படங்கள், சட்டத்துள் ஓர் அளவுகோல், வடதிசைக் குறி, எடுத்த நாள், ஊர்ப்பெயர் என்பவை சேர்ந்தால்தான் ஒளிப்படம் ஆவணமாகும். இவற்றுள் எளியதும் பலரால் விடப்படுவதும் ஊர்ப்பெயரே. முற்காலப் படங்கள் பலவற்றில் அளவு காட்டுவதற்காக ஓர் உள்ளூர் மனிதரைக் கல்லருகே நிறுத்தியிருப்பர். வழிகாட்டி அழைத்து வந்தவரும் அவராகவே இருந்திருக்கக் கூடும். கல்லுக்கு எண் உண்டு; அவருக்குப் பெயர் இல்லை. அவர் அக்கல்லை எப்பெயரிட்டு அழைத்தார் என்பதும் அவரோடு போயிற்று.

பதிவு செய்வது பாதுகாப்பதாகவே முடியும் என்று கூறவும் இயலாது. இடுதுளைக்கு உள்ளே பொன் இருக்கும் என்னும் நம்பிக்கை தென்னாடெங்கும் உண்டு. படம் பரவும்போது புதையல் தேடுவோர்க்கும் வழி தெரிகின்றது. கருங்கல் வெட்டுவோர்க்கு உடைக்காமலே கிடைக்கும் பலகைகளாக இவை தோன்றுகின்றன. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டரைத் தடைசெய்யப்பட்ட பகுதியாகவும், அதற்கப்பால் 200 மீட்டரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியாகவும் 2010ஆம் ஆண்டுத் திருத்தம் வகுத்தது. ஆயின் அறிவிக்கப்பெறாத களங்களுக்கு அந்த மீட்டர்க் கணக்கு எதுவும் இல்லை. அத்தகைய களங்கள் அழிந்தபின் எஞ்சுவது யாரோ ஒருவர் எடுத்த படமும் அதன்கீழ் எழுதிய குறிப்புமே. குறிப்பும் இல்லையெனின், எம்மலையிலும் இருந்திருக்கக் கூடிய ஒரு கல்லின் படமாகவே அது நிற்கும்.

இரே பெனகல் 2021இல் உலக மரபுச் சின்னங்களுக்கான இந்தியாவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது. தெலங்கானாவில் கிருஷ்ணையாற்றுக்கு அருகில் உள்ள முடுமால் குத்துக்கற்கள் 2025இல் அப்பட்டியலில் சேர்ந்தன. முடுமால் ஊரார் அக்கற்களை நிற்கும் கற்கள் என்றே அழைக்கின்றனர். சாபத்தால் கல்லாய்ச் சமைந்த மனிதர் என்றும் கதை கூறுகின்றனர். அவற்றுள் ஒன்றின்மேல் உள்ள குழிக்குறிகள் எழுமீன் கூட்டத்தைக் குறிப்பன என்று அங்கு ஆராய்ந்தோர் கருதுகின்றனர். குழிகள் ஆழமற்றவை, உச்சிப்பொழுதில் கல் வெறுமையாகத் தோன்றும், காலையிலோ மாலையிலோ சாய்ந்த ஒளி படும்போதே அவை தெரியும். அதே களத்தில் மற்றொரு குத்துக்கல்லை ஊரார் எல்லம்மாவாக வழிபடுகின்றனர். மஞ்சளும் குங்குமமும் பூசிய அக்கல்லைப் பண்டைய நிலைக்குக் கழுவிப் படம் எடுக்க விழையும் ஆய்வாளர், அதனை இதுகாறும் காத்து நின்றது எது என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.